நர்சிங் படிக்க ஆசை, ஆனால் நான்கு வருடச் சம்பளம் போகுமே?

கேள்வி: எனக்கு 29 வயது. ஒரு அலுவலகத்தில் எட்டு வருடமாக பில்லிங் வேலை பார்க்கிறேன். போன வருடம் அம்மாவுக்குத் துணையாக மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன், அதிலிருந்து நர்ஸ் ஆக வேண்டும் என்ற எண்ணம் மனதை விட்டுப் போகவில்லை. நான்கு வருடப் பட்டப்படிப்பு. மொத்தக் கட்டணம் என்னுடைய 20 மாதச் சம்பளம். பாதி கையில் இருக்கிறது, மீதிக்குக் கல்விக் கடன் வாங்க வேண்டும். கிரெடிட் கார்டில் இரண்டு மாதச் சம்பளம் அளவுக்குப் பாக்கி. கணவரின் வருமானம் வீட்டுச் செலவுக்கே சரியாகப் போய்விடும். சேரலாமா? வயது தாண்டிவிட்டதா?

பதில்: சேருங்கள். ஆனால் இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் சேருங்கள்.

கேள்வியோடு நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். கட்டணம், புத்தகம், யூனிஃபார்ம், ஷூ என்று வரிவரியாக எழுதி, பென்சிலில் கூட்டி, அழித்து மறுபடி கூட்டியிருக்கிறீர்கள். ஸ்டெதஸ்கோப்புக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. உங்கள் சம்பளத்துக்குத்தான் வரி இல்லை. வேலையை விட்டால் 48 மாதச் சம்பளம் வராது, அதுதான் இந்தப் படிப்பின் பெரிய செலவு, கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆக இந்தப் பட்டத்தின் உண்மையான விலை 20 மாதச் சம்பளம் இல்லை, 68 மாதச் சம்பளம்.

இப்போது இதைத் திருப்பி எடுக்க எவ்வளவு நாள் ஆகும் என்று பாருங்கள். நர்ஸ் வேலையில் இப்போதையதைவிட ஒன்றரை மடங்கு சம்பளம் வந்தால், மாதம் அரைச் சம்பளம் கூடுதல், 136 மாதத்தில், அதாவது பதினொன்றரை வருடத்துக்குள் போட்டது வந்துவிடும். அடுத்த வருடம் சேர்ந்தால் முடிக்கும்போது 34, போட்டது கைக்கு வரும்போது 45. அதற்குப் பிறகும் வேலை செய்ய வருடங்கள் இருக்கின்றன, அதனால் வயதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆனால் கால் மடங்குதான் கூடுதல் என்றால் அதே கணக்கு 22 வருடத்தைத் தாண்டிவிடும். வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை. அதனால் முதல் வேலையாக, நீங்கள் சேர நினைக்கும் கல்லூரியில் போன வருடம் முடித்த நாலைந்து பேரைத் தேடிப் பிடித்து, முதல் மாதம் கையில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். உலக அளவில் நர்ஸ்களுக்குத் தட்டுப்பாடு இருப்பது உண்மை, 2023-இல் 58 லட்சம் பேர் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் தட்டுப்பாடு இருக்கும் எல்லா இடத்திலும் சம்பளம் நன்றாக இருக்காது.

பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே படித்துவிடலாம் என்றும் நோட்டில் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். முதல் வருடம் முடியலாம், அப்புறம் கஷ்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியை உதாரணத்துக்குச் சொல்கிறேன்: நர்சிங் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம், அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. காலை ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட் என்று மாறிமாறி வார்டில் நின்றுவிட்டு வேறு வேலைக்கும் ஓடினால், படிப்பு, உடம்பு இரண்டில் ஒன்று அடிவாங்கும்.

கடனுக்கு வருவோம். வருடத்துக்கு 25 ரூபாய் வீதம் நான்கு வருடத்தில் 100 ரூபாய் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிக்கும்போது எதுவும் கட்டாமல் வட்டியை அசலோடு ஏறவிட்டால், படிப்பு முடியும்போது கடன் 127-ஐத் தாண்டியிருக்கும், அதைப் பத்து வருடத் தவணையில் கட்டினால் மொத்தம் 202. படிக்கும்போதே அந்தந்த வருட வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே வந்தால் மொத்தம் 184-க்குள் முடிந்துவிடும். அந்த வட்டியைக் கணவரின் சம்பளத்தில் தேடாதீர்கள், அதற்கான பணத்தை இந்த ஒரு வருடத்தில் தனியாக எடுத்து வையுங்கள்.

ஒரு வருடம் தள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணம் அந்த கிரெடிட் கார்டு. அதன் வட்டி கல்விக் கடன் வட்டியைவிடப் பல மடங்கு இருக்கும். அதை முதலில் அடைத்துவிடுங்கள். பிறகு மூன்று மாத வீட்டுச் செலவைத் தொடாத பணமாக ஒதுக்குங்கள், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் அதையும் எடுங்கள். வருமானம் ஒன்றாகக் குறையும் வீட்டில் ஒரு காய்ச்சலே கடனில் கொண்டுபோய் விட்டுவிடும்.

சில ஆஸ்பத்திரிகள் கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, பிறகு சில வருடம் அங்கேயே வேலை செய்யச் சொல்லி பாண்டு எழுதி வாங்கும். உங்கள் நிலைமைக்கு அது நல்ல வழிதான், கடன் குறையும். ஆனால் நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், பாண்டு காலத்தில் சம்பளம் எவ்வளவு, இந்த இரண்டும் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிப்பு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் பெற்றதா என்பதைக் கவுன்சிலிடமே நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்துப் பதிவு செய்ய முடியாது, பதிவு இல்லாமல் நர்ஸ் வேலையும் கிடையாது.

அம்மாவோடு இருந்த அந்த மூன்று வாரம் பெரிய விஷயம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவின் படுக்கை விரிப்பை மாற்றுவது வேறு, முன்பின் தெரியாத எட்டுப் பேருக்கு இரவு மூன்று மணிக்கு மாற்றுவது வேறு. இந்த ஒரு வருடத்தில் வார விடுமுறைகளில் ஏதாவது ஆஸ்பத்திரியிலோ முதியோர் இல்லத்திலோ உதவியாளராகப் போய்ப் பாருங்கள், சம்பளம் தராவிட்டாலும் பரவாயில்லை. ஆறு மாதம் கழித்தும் இதே ஆசை இருந்தால் விண்ணப்பத்தை வாங்குங்கள், நோட்டுப் பக்கத்தில் அந்த 48 மாத வரியைச் சேர்த்து எனக்கு மறுபடி அனுப்புங்கள்.