கறுப்புத் தோலில் கலர் டாட்டூ எடுபடுமா?

"நான் நல்ல கறுப்பு. கலர் டாட்டூ குத்தினால் எடுபடுமா, எந்தக் கலர் எடுக்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுபடும், ஆனால் எல்லாக் கலரும் இல்லை. நானும் மாநிறத்துக்கு ஒரு படி கூடுதல்தான். ஆறு வருஷத்துக்கு முன் முன்கையில் ஒரு சூரியகாந்தி குத்திக்கொண்டேன். அன்றைக்கு இதழெல்லாம் மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது. புண் ஆறி, தோல் உரிந்த பிறகு பார்த்தால், கறுப்புக் கோட்டுக்குள் பழைய தழும்பு மாதிரி ஏதோ ஒரு நிறம். "கையில என்னடி, படையா?" என்று கேட்டார் அத்தை.

மை தங்குவது தோலின் இரண்டாவது அடுக்கில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில். நமக்கு நிறம் தரும் மெலனின் இருப்பதோ அதற்கு மேலே. பால் ஊற்றாத டீ டம்ளருக்குப் பின்னால் வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று மூன்று காகிதத்தை வைத்துப் பாருங்கள். முதல் இரண்டும் டீ நிறமாகிவிடும், கறுப்பு மட்டும் கறுப்பாகவே நிற்கும். எங்கள் ஆச்சி கையில் இருந்த கோலம்கூட வெறும் கரி மைதான். தோலுக்குள் போனதும் பச்சையாகத் தெரிந்தது. நாம் அதைப் பச்சை குத்துவது என்றுதானே சொல்கிறோம்!

அதனால் முதலில் கறுப்பு. கலர் வேண்டும் என்றால் மரூன், அடர் சிவப்பு, கருநீலம், அடர் பச்சை. வெள்ளை, வெளிர் மஞ்சள், பேபி பிங்க் பக்கம் போகாதீர்கள். வெளிச்சம் வர வேண்டிய இடத்தில் மையே வைக்காமல் விடச் சொல்லுங்கள், உங்கள் தோல்தான் அங்கே இளநிறம். கோடு கொஞ்சம் தடிமனாகவே இருக்கட்டும்.

இன்ஸ்டாகிராம் படத்தை நம்ப வேண்டாம், பெரும்பாலும் குத்தி முடித்த கையோடு எடுத்தது. உங்கள் நிறத்துக்காரர் ஒருவருக்குக் குத்தி, ஒரு வருஷம் ஆன படம் இருக்கிறதா என்று கேளுங்கள். கலர் ஏறவில்லை என்று ஊசியை ஆழமாக அழுத்துகிறவரிடம் உட்காரவே கூடாது. மை பரவும், தழும்பு தடிக்கும். காது குத்திய இடத்தில் உங்களுக்குக் கட்டி மாதிரி தடித்திருந்தால், தோல் டாக்டரைப் பார்க்காமல் டாட்டூ பேச்சையே எடுக்காதீர்கள். தடித்த தழும்பு நம் மாதிரித் தோலில்தான் அதிகம் வரும்.

சிவப்புக்கு ஒரு எச்சரிக்கை. அலர்ஜி அதிகம் கிளப்பும் மை அதுதான். மறைவான இடத்தில் ஒரு புள்ளி வைத்து, சில வாரம் பொறுத்துப் பாருங்கள். அப்படியும் பிறகு வராது என்று உத்தரவாதம் கிடையாது.

நாளைக்கே அழிக்கத் தோன்றலாம். கறுப்பு மைக்கு 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் போதும், மெலனினை அது அவ்வளவாகத் தொடாது. பச்சை, நீல மையை அழிக்கும் லேசர்கள் மெலனினையும் சேர்த்துத் தாக்கும், கறுப்புத் தோலில் வெள்ளைத் திட்டு விழலாம். வெள்ளை மையோ லேசர் பட்டால் கறுத்துவிடக்கூடும்.

என் சூரியகாந்தியின் மஞ்சள் மேலேயே மரூன் ஏற்றிவிட்டேன். அத்தையைப் பொறுத்தவரை அது இப்போது செம்பருத்தி.