ரயில் கூரையில் ஏறாத திருடர்கள்

அன்புள்ள ஐயா,

தாங்கள் குறிப்பிட்டிருந்த ‘தி ஃபர்ஸ்ட் கிரேட் டிரெய்ன் ராபரி’ படத்தைப் பார்த்தேன். நான்கு சாவிகளுக்கும் அச்சு எடுக்கும் முதல் பகுதி அபாரம். ஆனால் அத்தனை கவனமாகத் திட்டமிட்டவன் கோட்டு கிழிந்ததால் பிடிபடுவதும், நீதிமன்ற வாசலில் ஒரு முத்தத்தின் வழியே விலங்குச் சாவியைப் பெற்றுத் தப்புவதும் நம்பும்படி இல்லை. உண்மைச் சம்பவம் இப்படித்தான் நடந்ததா?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. 1855 மே 15 இரவு, லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து ஃபோக்ஸ்டோன் துறைமுகத்துக்குச் சென்ற ரயிலில் ஏறக்குறைய 12,000 பவுண்டு மதிப்புள்ள தங்கம் திருடுபோனபோது யாரும் கூரைமேல் ஏறவில்லை. படத்தில் வருவதுபோல் அது கிரிமியப் போர்வீரர்களின் சம்பளமும் அல்ல. லண்டன் வணிகர்கள் பாரிசுக்கு அனுப்பிய சரக்கு. கார்டு ஜேம்ஸ் பர்ஜஸ் உள்ளாளாக இருந்ததால், திருடர்களில் ஒருவரான எட்வர்ட் ஏகர் ரயிலில் அவருடைய கார்டு வேனுக்குள்ளேயே பயணம் செய்து, பெட்டகத்தைத் திறந்து, தங்கத்தை எடுத்துக்கொண்டு அதே எடைக்கு ஈயக் குண்டுகளை நிரப்பினார். படத்திலும் கார்டு விலைபோனவர்தான். ஆனால் கடைசி நேரத்தில் வேனின் வெளிப்புறத்தில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, கதாநாயகனைக் கூரைக்கு அனுப்பிவிடுகிறார் இயக்குநர் மைக்கேல் கிரைட்டன். அந்தக் காட்சியில் கதாநாயகன் சீன் கானரி ஓடும் ரயிலின்மேல் தாமே நடந்து நடித்தார் என்பதால் அதை நான் மன்னித்துவிடுகிறேன்.

தாங்கள் ரசித்த சாவி விவகாரம் உண்மையில் இன்னும் நுட்பமானது. பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள்தான். பூட்டுகளை மாற்றியமைக்க நேர்ந்தபோது, அது தொடர்பான கடிதங்களைக் கவனித்த ரயில்வே எழுத்தர் வில்லியம் டெஸ்டர் ஒரு சாவியைச் சிறிது நேரம் வெளியே கொண்டுவந்து கொடுக்க, ஏகர் அதை மெழுகில் பதித்துக்கொண்டார். இன்னொன்று ஃபோக்ஸ்டோன் அலுவலக அலமாரியில் இருந்தது. அங்கிருந்த ஊழியர்கள் வெளியே சென்ற இடைவெளியில் இன்னொரு கூட்டாளியான வில்லியம் பியர்ஸ் உள்ளே நுழைந்து, அச்சு எடுப்பதற்காக அதை எடுத்துவந்தார். அதன் பிறகும் அவசரப்படாமல், ஏகர் பலமுறை அதே வேனில் சென்று, சாவிகள் சிக்காமல் திரும்பும்வரை அரத்தால் ராவிச் சரிசெய்தார். ஓடும் வண்டியில், விளக்கு வெளிச்சத்தில், மீண்டும் மீண்டும் ராவும் அந்தக் கையைப் படம் பிடித்திருந்தால், படத்தில் பூனைப் பிணத்தோடு வரும் சவப்பெட்டி வேடிக்கை தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

பிரெஞ்சுத் துறைமுகமான பூலோனில் எடை போட்டபோதே ஒரு பெட்டி குறைந்தும் மற்றவை சற்றுக் கூடியும் இருந்தன. ஆனாலும் அவை பாரிசுக்குப் போய்த் திறந்த பிறகுதான் திருட்டு தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்தையும் இங்கிலாந்துக்காரர்கள் பிரான்சையும் கைகாட்டியதில் வழக்கு அப்படியே கிடந்தது.

அவர்களைக் காட்டிக்கொடுத்தது கிழிந்த கோட்டு அல்ல. ஏகர் வேறொரு காசோலை மோசடி வழக்கில் சிக்கி, ஆயுள்கால நாடுகடத்தல் தண்டனை பெற்றார். தம் துணைவி ஃபேனி கேவுக்கும் குழந்தைக்கும் தம் பணத்திலிருந்து கொடுக்கும்படி பியர்ஸிடம் ஏற்பாடு செய்திருந்தார். பியர்ஸ் அதைக் கொடுக்காமல் இழுத்தடிக்க, கையில் காசில்லாத அந்தப் பெண் நியூகேட் சிறை அதிகாரியிடம் சென்று தமக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டார். விஷயம் அறிந்த ஏகர் அப்ரூவரானார். ரயில்வேயை அணு அணுவாக ஆராய்ந்தவர்கள், கூட்டாளி கம்பிக்குப் பின்னால் போனால் அவன் பங்கு யாரிடம் சேரும் என்பதைப் பியர்ஸின் நாணயத்திடம் விட்டுவிட்டார்கள். ஆகவே அந்த முடிவு நம்பும்படி இல்லை என்பதைவிட, கைக்கெட்டிய நல்ல முடிவைக் கிரைட்டன் விட்டுவிட்டார் என்பதே என் குறை.

தப்பித்தலும் நடக்கவில்லை. 1857 ஜனவரியில் நடந்த விசாரணையில் பர்ஜஸுக்கும் டெஸ்டருக்கும், ரயில்வே ஊழியர்கள் என்பதால், 14 ஆண்டு நாடுகடத்தல் கிடைத்தது. முன்பு அதே ரயில்வேயில் டிக்கெட் அச்சடிக்கும் வேலை பார்த்து, அதை இழந்த பியர்ஸ், அப்போது ஊழியராக இல்லாததால், இரண்டே ஆண்டுச் சிறையோடு தப்பினார்.