ஓட்டப்பந்தயத்தில் இருக்கும் மகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறாள், என்ன செய்வது?

பத்தாம் வகுப்பு மகள், 1500 மீட்டர் ஓடுகிறாள், "ரெண்டு கிலோ குறைச்சா டைமிங் வரும்" என்று கோச் சொன்னதிலிருந்து இரவில் சாப்பிடுவதில்லை, மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடையை விடுங்கள், நின்றுபோன மாதவிடாய்தான் இதில் பெரிய விஷயம். "ஓடுற பிள்ளைங்களுக்கு அப்படித்தான்" என்பார்கள், நம்பாதீர்கள். ஓட்டத்துக்கு ஈடான சாப்பாடு இல்லாததால் நின்றிருக்கலாம். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, எலும்பு வலுப்பெற வேண்டிய வயதில் வலுவிழக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் விரலால் அழுத்தினால் ஒரே இடத்தில் வலிக்கிறதா பாருங்கள். மயிரிழை விரிசலாக இருக்கலாம். விளையாட்டுக்கு ஈடான சாப்பாடு இல்லாமல் உடம்பு பாதிக்கப்படும் இந்த நிலைக்கு, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் ரெட்-எஸ் (RED-S) என்று பெயரிட்டது. எடை சரியாக இருப்பவர்களுக்கும் வரும், பையன்களுக்கும் வரும்.

இந்த வாரமே டாக்டரிடம் போங்கள். படுத்தும் நின்றும் நாடி, பிரஷர், ஈசிஜி, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, பொட்டாசியம், பாஸ்பேட் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஓட்டம் வேண்டாம். பகலில் நாடி 50-க்குக் கீழே இருந்தாலோ மயங்கி விழுந்தாலோ அன்றே ஆஸ்பத்திரி. பல நாளாக ஏறக்குறைய பட்டினி என்றால் வீட்டில் திடீரென்று நிறைய ஊட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு சட்டென இறங்கி இதயத்தைப் பாதிக்கும்.

பேச்சை இப்படித் தொடங்கலாம்: "ராத்திரி சாப்பிடாம படுக்கிற, மாடி ஏறினா தலை சுத்துதுங்கிற. எனக்குப் பயமா இருக்கும்மா, டாக்டரைப் பாத்துட்டு வந்துடுவோம்." திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

டாக்டர் சரி என்றதும், மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று முறை பால், சுண்டல், கடலை மிட்டாய். மூன்று மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. "எவ்வளவு வைக்கட்டும்?" என்று கேட்காதீர்கள், பேரம் தொடங்கிவிடும். நீங்களே பரிமாறி, கூடவே உட்கார்ந்து சாப்பிடுங்கள். பேச்சு பள்ளிக்கூடம், தோழிகள் பற்றி இருக்கட்டும். சாப்பிட்ட உடன் பாத்ரூமுக்குப் போகிறாள் என்றால் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள், வாந்தி எடுக்கிறாளா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் எல்லோரிடமும், முக்கியமாகப் பாட்டி, அத்தைகளிடம், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "குண்டு", "ஒல்லி" மட்டுமல்ல, "இப்பதான் பூசினாப்ல நல்லா இருக்கே" என்பதும் கூடாது. பாசத்தில் சொன்னாலும் அவள் காதில் "குண்டாயிட்டே" என்றுதான் விழும். அந்த ஒரு வார்த்தையில் அடுத்த வேளை தட்டு அப்படியே இருக்கும்.

கோச்சைத் தனியாகப் பாருங்கள். எடை பார்ப்பதையும் எடையைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். டாக்டர் எழுதித் தரும்வரை பிராக்டிஸ் இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் தொலைபேசி உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.