வயலில் வந்தது களையா, கணக்கா?

கேள்வி: வேதாரண்யத்துக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் நஞ்சை. ஐப்பசியில் வடிகால் வழியாகக் கடல்தண்ணீர் ஏறி நின்று வற்றியது. இப்போது தாழ்வான பக்கத்தில் பருப்புக்கீரை மாதிரி ஒரு கொடி பாய் விரித்தாற்போல் படர்கிறது. தண்டு சிவப்பு, இலை தடிப்பு, ரோஸ் நிறத்தில் பூ. உரக்கடையில் கிளைபோசேட் அடித்துவிட்டு ஏக்கருக்குப் பத்து மூட்டை ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். ஆடுகள் வேறு மேய்கின்றன. எந்த மருந்துக்கு இது சாகும்?

பதில்: நீங்கள் சொல்வது பருப்புக்கீரை இல்லை. அதற்கு மஞ்சள் பூ, இலை நுனி அகலம். சாரணையும் இல்லை, அதில் ஜோடி இலையில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. இது ஓர்ப்பூடு, தாவரவியலில் சிசுவியம் போர்ச்சுலகேஸ்ட்ரம். ஒரு கணுவைக் கிள்ளிப் பாருங்கள். எதிரெதிராக இரண்டு இலை, நீண்டு சதைப்பற்றோடு, அடிப்பக்கம் தண்டைத் தழுவி நிற்கும். கணுக்கணுவாக வேர் இறங்கியிருக்கும். பூ ஒவ்வொன்றாக இலைக்கக்கத்தில் வரும். அதில் தனியாக அல்லி இதழ் கிடையாது. ரோஸாகத் தெரியும் ஐந்தும் உள்பக்கம் நிறம் ஏறிய புல்லிகள்தான். திருப்பினால் வெளிப்பக்கம் பச்சை, நுனியில் சின்னக் கொம்பு. காய் மூடி திறந்தாற்போல் வெடித்துக் கருப்பு விதை கொட்டும்.

அதன் சொந்த இடம் அலை ஏறும் கோட்டுக்குச் சற்று மேலே உள்ள மணல், உப்பளக் கரை, கழிமுகம், அலையாத்திக் காட்டின் ஓரம். கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கம் போனால் எங்கும் பார்க்கலாம். சேற்றுத் திட்டில் நிமிர்ந்து நிற்கும் உமரி வேறு. அதற்கு இலை ஊசியாக மாறி மாறி இருக்கும், பூ கண்ணுக்கே தெரியாது. ஓர்ப்பூடு கொஞ்சம் உப்பு இருந்தால்தான் செழிக்கும். அது உங்கள் நஞ்சையில் குடியேறியிருக்கிறது என்றால் கேட்க வேண்டியது மருந்தின் பெயரை அல்ல, உப்பு எவ்வளவு, எந்த வழியாக வந்தது என்பதை.

கிளைபோசேட்டை விடுங்கள். தடித்த, வழவழப்பான இலையில் மருந்து சரியாக ஏறாது. ஏறினாலும் வேர் பிடித்த கணு மறுபடி துளிர்க்கும். முழுக்கச் செத்தாலும் உப்பு அங்கேயே இருக்கும், நிழல் போன தரையில் இன்னும் வேகமாக மேலே பூக்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு அங்குல உயரம் நின்று வற்றினால் ஏக்கருக்கு மூன்றரை டன்னுக்கு மேல். ஓர்ப்பூடே உப்பை எடுத்துவிடும் என்று சொல்வோரும் உண்டு. 2007இல் வெளிவந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வில் நான்கு மாதத்தில் ஹெக்டேருக்கு ஓர்ப்பூடு 474 கிலோ, உமரி 504 கிலோ உப்பை எடுக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஏக்கருக்கு ஏறக்குறைய 200 கிலோ. உதவிதான், ஆனால் செடி மட்டும் போதாது. அதுவும் அறுத்து வயலுக்கு வெளியே கொண்டுபோனால்தான். இந்தச் செடி உப்பை வெளியே தள்ளுவதில்லை, இலைக்குள் சேர்த்து வைக்கிறது. தழையுரம் என்று மடக்கி உழுதால் எடுத்த உப்பு அத்தனையும் திரும்ப மண்ணுக்கே. தீவனமாகவும் அளவோடுதான்: மொத்தத் தீவனத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம், நல்ல தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். உப்பும் ஆக்சலேட்டும் கூடினால் ஆடு கழியும்.

இனி ஜிப்சம். டெல்டாவில் இதைப்போல் காரணமில்லாமல் விற்கும் சரக்கு வேறு இல்லை. ஜிப்சம் களர் நிலத்துக்கு, அதாவது மண்ணில் சோடியம் ஒட்டி, கார அமில நிலை 8.5க்கு மேல் போன நிலத்துக்கு. கரையும் உப்பு மட்டும் சேர்ந்த வெறும் உவர் நிலத்தில் அதற்கு வேலையே இல்லை, அதுவும் ஒரு உப்புதான். களிமண்ணில் கடல்நீர் நின்றால் பிறகு களராக மாறவும் கூடும், அதை மண் பரிசோதனைதான் சொல்லும். ‘பத்து மூட்டை’ என்று கடைக்காரர் எந்த எண்ணைப் பார்த்துச் சொன்னார்? அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள்.

சித்திரையில் மண் எடுங்கள். மேலே பூத்த வெள்ளை உப்பைச் சுரண்டி ஒதுக்கிவிட்டு, 0–15, 15–30 செ.மீ. ஆழங்களைத் தனித்தனியாக, அரை கிலோ வீதம், துணிப்பையில். உரச்சாக்கு கூடாது. மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), கார அமில நிலை, மாற்று சோடிய சதவீதம் (மண்ணில் ஒட்டிய சோடியத்தின் பங்கு) மூன்றையும் கேளுங்கள். மின்கடத்துதிறனை எந்த முறையில் அளந்தார்கள் என்றும் கேட்கவும்: ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் கலந்து அளந்த எண், செறிவுக் குழம்பில், அதாவது மண் நிறையும் அளவுக்கு மட்டும் நீர் சேர்த்த குழம்பின் சாற்றில், எடுத்த எண்ணைவிட மிகவும் குறைவாக வரும். நெல் தாங்கும் அளவு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் என்பது இரண்டாவது முறைக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘உப்பே இல்லை’ என்று நட்டு, நாற்று கருகினவர்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் முன்னால் வடிகால். கடல்நீர் ஏறிய வடிகாலின் வாய்ப்பகுதியில், கடல் ஓதம் ஏறும்போது தானாக மூடிக்கொள்ளும் கதவு இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த ஐப்பசியிலும் இதே கடிதம்தான். வயலுக்குள் இரண்டடி ஆழத்தில் வடிகால் வெட்டி, வரப்பை ஒன்றரை அடி உயர்த்துங்கள். மழை தொடங்கியதும் அரையடி தண்ணீர் கட்டி, இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு வடியுங்கள். இப்படி நான்கு முறை. வடிய வழியில்லாமல் தண்ணீர் கட்டினால் உப்பு கரைந்து அங்கேயே திரும்பப் படியும். ஆழ்குழாய் நீரை அளக்காமல் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

அறிக்கை அனுமதித்தால் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து 45ஆம் நாள் மடக்கி உழலாம். நாற்றங்காலை மேட்டுப் பக்கத்தில் போடுங்கள். திருச்சி 3 போன்ற நெல் ரகத்தில் முப்பது நாள் நாற்றாக எடுத்து, குத்துக்கு நான்கு வைத்து நடலாம். ஓர்ப்பூட்டை அதற்குள் அறுத்து வெளியேற்றுங்கள்; வாய்க்கால் கரையில் இருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், கரை சரியாமல் பிடிக்கும்.