ஆம்ஸ்டர்டாம் கடை ரசீது சென்னை விமான நிலையத்தில் செல்லுமா?

கேள்வி: என் மகன் நெதர்லாந்தில் மேற்படிப்பு படிக்கிறான். அங்கே ‘மேஜிக் ட்ரஃபிள்’ என்ற போதைக் காளான் வகையைக் கடையிலேயே விற்கிறார்களாம். மன அழுத்தத்தில் இருக்கும் நண்பனுக்காக 15 கிராம் டப்பாவில் நான்கு வாங்கி வைத்திருக்கிறான். விடுமுறைக்கு வரும்போது எடுத்து வருவானாம். “ஆஸ்திரேலியாவில் டாக்டரே எழுதிக் கொடுக்கிறார், என்னிடம் ரசீதும் இருக்கிறது” என்கிறான். பிரச்சினை வருமா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: அம்மா, முதலில் மகனுக்குப் போன் செய்யுங்கள். ஒரு டப்பாகூட அவன் பெட்டியில் இருக்கக் கூடாது.

அவன் சொல்வதில் பாதி உண்மை. நெதர்லாந்து 2008 டிசம்பரில் போதைக் காளான்களைத் தடை செய்தது. ஆனால், அதே காளான் மண்ணுக்கடியில் உருவாக்கும் கட்டியான ட்ரஃபிள் அந்தத் தடைப் பட்டியலில் ஏறவில்லை. அந்த இடைவெளியில்தான் கடைகள் நடக்கின்றன. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் இதிலுள்ள சைலோசைபின் என்ற போதைச் சரக்கை மருந்தாக அனுமதித்திருப்பதும் உண்மை. ஆனால் அது தனி அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்களுக்கு மட்டும்; வேறு சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வு நோயாளிகளுக்கு மட்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் உரிமம் பெற்ற மையத்துக்குள்ளேயே உட்கொள்ள வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இந்தச் சலுகைகள் எதுவும் எல்லை தாண்டி வராது.

காளான், ட்ரஃபிள் இரண்டிலும் இருக்கும் சரக்கு அந்தச் சைலோசைபின்தான். நம் நாட்டில் அது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்.டி.பி.எஸ்.) அட்டவணையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவது 23ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். தண்டனை எடையைப் பொறுத்தது: 2 கிராமுக்குக் குறைந்தால் சிறிய அளவு, ஓராண்டு வரை சிறை. 50 கிராமைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தபட்சமே பத்தாண்டு. இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை.

உங்கள் மகனின் நான்கு டப்பாவும் சேர்ந்தால் 60 கிராம். மொத்த எடையையும் கணக்கில் எடுத்தால் வணிக அளவைத் தாண்டுகிறது. 37ஆம் பிரிவு குறுக்கே நிற்பதால் ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். காளானுக்குள் இருக்கும் சைலோசைபினை மட்டும் எடை போட்டால் சிறிய அளவுக்குள் அடங்கிவிடலாம். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் மனுவில், காளானை ‘கலவை’யாகக் (கலவை என்றால்தான் மொத்த எடையும் கணக்கில் வரும்) கருத முடியாது என்று சொல்லியிருக்கிறது. வாதாட நல்ல ஆதாரம்தான். ஆனால் ஜாமீன் உத்தரவு விடுதலை அல்ல. ஆய்வக அறிக்கை வந்து, வாதம் முடியும்வரை பையன் உள்ளே இருப்பான்; படிப்பும் விசாவும் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ரசீதைப் பற்றிக் கேட்டீர்கள். அது அவனைக் காப்பாற்றாது. என்ன பொருள் என்று தெரிந்தே வாங்கினான் என்பதற்கு அரசுத் தரப்பின் கையில் கிடைக்கும் ஆவணம் அது. 35ஆம் பிரிவு ஏற்கெனவே குற்ற எண்ணம் இருந்ததாக அனுமானிக்கச் சொல்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியவன் அவன்தான்.

‘பார்சலில் அனுப்பிவிடுகிறேன்’ என்றாலும் சம்மதிக்காதீர்கள். சென்னையில் நெதர்லாந்துப் பார்சல்களைச் சுங்கத்துறை பிரித்துப் போதைப்பொருள் பிடித்தது பலமுறை நடந்திருக்கிறது. பார்சலில் உங்கள் முகவரி இருந்தால் அதிகாரிகள் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். நண்பனுடன் இதுபற்றி வாட்ஸ்அப்பில் பேசுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அது கூட்டுச்சதி என்ற 29ஆம் பிரிவுக்கு வழி திறந்துவிடும், நண்பனும் மாட்டிக்கொள்வான்.

அந்த நண்பனுக்கு இன்றே உதவி தேவை என்றால் மத்திய அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.