பழி சாப்பாட்டின் மேலா?

கேள்வி: எங்கள் நாய்க்கு மூன்று வயது. இரவெல்லாம் முன்னங்கால்களை நக்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் போச்சு. கோழி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஐந்து மாதத்தில் மூன்று முறை உணவை மாற்றிவிட்டேன். பலன் இல்லை. ஒவ்வாமைக்கு நான் போட்டுக்கொள்ளும் செடிரிசின் மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: அரிப்பு என்றதும் எல்லாரும் சாப்பாட்டுத் தட்டைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். நான் முதலில் நாயை மல்லாக்கப் போட்டுப் பார்ப்பேன். விரல் இடுக்கு, அக்குள், அடிவயிறு, காதின் உள்மடல். வெளிர் நிற நாய் என்றால் நக்கிய இடம் துருப்பிடித்தது போலிருக்கும். பயப்படாதீர்கள், அது எச்சில் கறை. இந்த இடங்களில் அரிப்பு, தொடங்கிய வயது ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் என்றால், வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம் போன்றவற்றின் மேல்தான் என் முதல் சந்தேகம். வாலடியும் பின்தொடையும் என்றால் தெள்ளுப்பூச்சி. நுண்ணிய உண்ணிகளால் வரும் சொறி நோய் இல்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உணவு ஒவ்வாமையும் இதே இடங்களில் வரும் என்பதுதான் சிக்கல். ஆனால் மூன்று முறை பாக்கெட் மாற்றுவது சோதனை ஆகாது. சோதனை என்றால், இதுவரை தின்றே இராத ஒரே ஒரு புரதம், அல்லது மருத்துவர் தரும் பிரத்யேக உணவு. குறைந்தது எட்டு வாரம், வேறு எதுவும் வாயில் படக் கூடாது. பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, அரிப்பு மீண்டும் வந்தால்தான் குற்றவாளி உறுதி. ரத்தப் பரிசோதனையை இதற்கு நம்ப வேண்டாம்.

என் சொந்த நாய்க்கே இந்தப் பத்தியம் வைத்தேன். ஆறாவது வாரம் மறுபடி சொறிய ஆரம்பித்தது. யார் பிஸ்கட் போட்டது என்று வீட்டில் எல்லாரையும் குறுக்கு விசாரணை செய்தேன். கடைசியில் பார்த்தால், மாதாமாதம் நானே என் கையால் கொடுக்கும் புழு மாத்திரை, இறைச்சிச் சுவை ஏற்றிய மெல்லும் வகை! இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்கள்.

செடிரிசினால் பெரும்பாலான நாய்களுக்குப் பெரிய நிம்மதி கிடைப்பதில்லை. ஜலதோஷத்துக்கான சூடோஎபிட்ரின் கலந்த வகை நாய்க்கு ஆபத்து, கேட்காமல் கொடுக்காதீர்கள். அரிப்பை அடக்க ஆக்லாசிடினிப் மாத்திரை (ஒரு வயது நிறைந்த நாய்க்கு மட்டும்), லோகிவெட்மாப் ஊசி, அவசரத்துக்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு என்று வழிகள் இருக்கின்றன. பாதத்திலோ காதிலோ புளித்த வாடை வந்தால் ஈஸ்ட் என்ற பூஞ்சை குடியேறியிருக்கலாம். அதை அடக்காமல் எந்த மருந்தும் முழுசாகப் பிடிக்காது. வெளியே போய்வந்ததும் பாதங்களை ஈரத்துணியால் துடைத்து, இடுக்கில் ஈரம் தங்காமல் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: பூனை வயிற்று முடியை நக்கி நக்கி மொட்டையாக்கிவிட்டது. ஒரு பூச்சிகூடக் கண்ணில் படவில்லை. மன அழுத்தம் என்கிறார்களே?

பதில்: அந்த முடிவுக்குக் கடைசியில் வரலாம். பூனை நக்கும்போதே தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிடும், தடயம் மிஞ்சாது. நெருக்கமான பல் சீப்பால் வாலடியை வாரி, வந்த கரும்பொடியை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். பொடியைச் சுற்றி செம்பழுப்பு வட்டம் பரவினால் அது பூச்சியின் எச்சம், உள்ளே இருப்பது பூனையின் ரத்தம். ஒவ்வாமை உள்ள பூனைக்குச் சில கடிகளே போதும். ஆனால் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்கு விடவே விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் உயிர் போகும்.

கேள்வி: குளவி கொட்டி நாய்க்குட்டியின் முகம் வீங்கினால் காத்திருக்கலாமா?

பதில்: வீக்கம் மட்டும் என்றாலும் உடனே மருத்துவருக்கு போன் செய்து, அவர் சொல்கிறபடி கண்காணியுங்கள். வாந்தி, தள்ளாட்டம், ஈறு வெளுத்தல், மூச்சுத் திணறல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எனக்குக் கடிதம் அப்புறம் எழுதலாம்.