செபங்கள் மனப்பாடம், மறைக்கல்விக்கோ வர மறுக்கிறாள்

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் வயல் சூழ்ந்த கிராமம் ஒன்றில் இருக்கிறோம். எட்டு வயது மகள் முதல்நன்மைக்கு (முதன்முறை நற்கருணை பெறுவதற்கு) ஆயத்தமாகிறாள். செபங்களைத் தடங்கலின்றிச் சொல்கிறாள். ஆனால் ஞாயிறு மறைக்கல்வி என்றாலே வயிற்றுவலி வந்துவிடுகிறது. ஐந்து வயது மகன் ஓரிடத்தில் இருக்க மாட்டான். எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர். பங்குத்தந்தை என்னையும் உதவிக்கு அழைத்திருக்கிறார். படங்களும் வர்ணப் பென்சில்களும் வாங்க வசதியில்லை. 2009இல் இறந்த என் தம்பியைப் பற்றியும் மகள் கேட்கத் தொடங்கிவிட்டாள். வகுப்பிலும் வீட்டிலும் எதைச் செய்யலாம்?

பதில்: வர்ணப் பென்சில் இல்லையே என்ற கவலையை முதலில் விடுங்கள். அச்சடித்த ஆட்டுக்குட்டிக்கு நிறம் தீட்டுவது பிள்ளையைச் சத்தமில்லாமல் இருத்தி வைக்கும். அதற்கு மேல் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மனப்பாடத்தையும் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சலில் பிதற்றும்போதும் வாயில் வருவது சிறுவயதில் நெட்டுருப் போட்ட செபம்தான். உங்கள் மகளுக்குக் குறைவது, அந்தச் சொற்களுக்குப் பின்னால் கையால் தொட்ட ஏதாவது ஒன்று.

யோசுவா நூலின் 4ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யோர்தானைக் கடந்த மக்கள் ஆற்றிலிருந்து 12 கற்களை எடுத்து வருகிறார்கள். பின்னாளில் பிள்ளைகள் “இந்தக் கற்கள் எதற்கு?” என்று கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்கிறார் யோசுவா. முதலில் கல், பிறகு பிள்ளையின் கேள்வி, கடைசியில்தான் பெரியவர்களின் விளக்கம். நம் வகுப்புகளில் விளக்கம் முந்திக்கொள்கிறது; கேள்வி பிறக்கவே இடமில்லை.

விதைப்பவர் உவமையில் (மத்தேயு 13) தொடங்குங்கள். காலபோகத்தில் (மழைக்கால நெற்செய்கையில்) முளைநெல்லை வீசி விதைப்பதைப் பார்த்து வளரும் உங்கள் பிள்ளைகளுக்கு, நெல் ஏன் வரம்பிலும் விழுகிறது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நான்கு சிரட்டைகளை எடுங்கள். ஒன்றில் காய்ந்து இறுகிய களிமண். இன்னொன்றில் சரளைக்கல்லும் மேலே விரல் தடிப்பில் மண்ணும். மூன்றாவதில் வேரோடு பிடுங்கிய கோரைப்புல்லும் மண்ணும். நான்காவதில் நல்ல வண்டல். இரவே ஊறவைத்த பயற்றை மகன் நான்கிலும் தூவட்டும். களிமண் சிரட்டையைக் கோழிகள் மேயும் இடத்தில் வைத்துவிடுங்கள். பறவைகள் வந்து பொறுக்கிய கதையை அவை அன்றைக்கே நடித்துக் காட்டிவிடும். சரளைக்கல் சிரட்டைக்கு முதல் நாள் மட்டும் தண்ணீர் விட்டு வெயிலில் வையுங்கள். அதில் முளை வராது என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். வரும், வந்த பிறகு வாடும். உவமையில் பெரியவர்களும் கவனிக்காமல் போகும் இடம் அதுதான். மற்ற இரண்டுக்கும் தண்ணீர் விடுவது மகளின் பொறுப்பு. சரளைக்கல் சிரட்டையின் முளை வாடும் நாளில் நற்செய்திப் பகுதியை மெதுவாக வாசியுங்கள்.

அப்போது “நீ எந்த நிலம்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஐந்து வயதுக்காரனுக்கு அது திட்டாகத்தான் கேட்கும். உவமைகளையெல்லாம் கண்டிப்புக்கான பிரம்பாக மாற்றும் பழக்கம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. “உனக்கு எந்தச் சிரட்டை பிடித்திருக்கிறது? விதைத்தவர் ஏன் பாதையிலும் விதை போட்டார்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

மகனுக்கு நல்ல ஆயன் உவமை. 1954இல் ரோமில் சோஃபியா கவலெத்தி என்ற விவிலிய அறிஞரும் மொந்தெசோரி ஆசிரியரான ஜியான்னா கோபியும் சிறுவர் மறைக்கல்விக்கெனப் புதிய முறை ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் சிறு ஆடுகளையும் ஆயனையும் பிள்ளை தன் கையாலேயே பட்டிக்குள்ளும் வெளியிலும் நகர்த்தும். உங்களுக்கு மரப்பொம்மை வேண்டாம். குளத்துக் களிமண் போதும். ஆடுகளை அவனே பிடிக்கட்டும். பட்டிக்குக் குச்சியும் கல்லும் உங்கள் வளவுக்குள்ளேயே பொறுக்கச் சொல்லுங்கள். மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் உண்டு. மறைக்கல்விக்காக எந்தப் பிள்ளையும் பற்றைக்குள் இறங்கக் கூடாது.

கடற்கரைப் பக்கம் போகக் கிடைத்தால் கரைவலை இழுப்பதைக் காட்டுங்கள். கரையில் இருந்து மீனைத் தரம் பிரிப்பதைக் கண்ட பிள்ளைக்கு, மத்தேயு 13இல் வரும் வலை உவமையை வாசித்தாலே போதும்.

இனித் தம்பியைப் பற்றி. நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளில், கல்லறை இருந்தால் அங்கே போங்கள். இல்லாதவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அப்படியானால் வீட்டில் படத்தடியில் மகளே மெழுகுதிரி ஏற்றட்டும். மாமா எப்படி இறந்தார் என்பதற்கு முன், எப்படி இருந்தார் என்று சொல்லுங்கள்: என்ன கறி பிடிக்கும், குளத்தில் நீந்துவாரா, உங்களோடு எதற்குச் சண்டை பிடிப்பார். “நல்லவர்களைக் கடவுள் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்” என்ற ஆறுதல் வார்த்தை வேண்டவே வேண்டாம். நல்ல பிள்ளையாக இருக்கவே அவள் பயப்படுவாள். கடவுள் ஏன் விட்டார் என்று கேட்டால், “எனக்கும் தெரியவில்லை, நானும் அவரிடம் கேட்கிறேன்” என்பது விசுவாசக் குறைவல்ல. 13ஆம் திருப்பாடல் “எத்தனை காலம், ஆண்டவரே” என்ற முறைப்பாட்டோடுதான் தொடங்குகிறது. தூக்கம் கெட்டாலோ பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ வைத்தியசாலையில் உளநல ஆலோசனை கேளுங்கள்.

வகுப்பில் வயது வித்தியாசத்தை ஆசிரியருக்குச் சாதகமாக்கலாம். பெரிய பிள்ளைகளிடம் உவமையை ஒரு சிறு கூத்தாக்கும் வேலையைக் கொடுங்கள். மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கரின் நாட்டுக்கூத்தான வாசாப்பு மரபு அறிந்த முதியவர் எவராவது அருகில் இருந்தால், இரண்டு மெட்டுகள் கற்றுத்தர அழையுங்கள். மடு மாதா திருத்தல விழாவுக்கு யூலை 2க்கோ ஓகஸ்ட் 15க்கோ போனால், கூடாரத்தில் அடுப்புக்கும் தண்ணீருக்கும் பிள்ளைகளையும் பொறுப்பாக்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். சிரட்டைகள் மட்டும் போதும். பங்குத்தந்தையிடம் நீங்கள் கேட்க வேண்டியது மண்டபத்தின் பின்பக்கத் திண்ணையும் ஒரு வாளித் தண்ணீரும்தான். தண்ணீரை மறக்காதீர்கள், களிமண் கையோடு பிள்ளைகள் கோயில் வாங்குகளில் ஏறினால் அடுத்த ஞாயிறு திண்ணையும் கிடைக்காது.